சங்கரன்கோவிலில் ஓர் அச்சுக்கோர்ப்பாளர்

அப்பா இறந்த அன்று, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் கவிதை வேண்டாம் என்று தம்பியும் நானும் உடனே முடிவெடுத்துவிட்டோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அப்படிப்பட்ட கவிதைகளை அச்சுக்கோர்த்தவர் அவர். சாய்ந்த ஆலமரமே, அணைந்த தீபமே என்று எழுதிக்கொண்டு வருவார்கள். ஒரு சொல்லையும் மாற்றாமல் கோர்த்துக் கொடுப்பார். ஆனால் தாளை வாங்கியதும் அவர் முதலில் கேட்பது "எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள்?" என்பதுதான். கழுகுமலையிலிருந்தோ புளியங்குடியிலிருந்தோ பஸ் பிடித்து வருகிறவருக்கு நேரம் தெரிய வேண்டும், தெரு தெரிய வேண்டும், இறந்தவர் யாருக்கு என்ன உறவு என்பது தெரிய வேண்டும், மற்றதெல்லாம் அவரவர் மனதிலேயே இருக்கும் என்பார். அவருடைய சுவரொட்டியிலும் பெயர், வயது, மனைவி மக்கள் பெயர்கள், தெரு, நேரம், இவை மட்டுமே இருந்தன.

அது 2017 கார்த்திகை மாதம். அவருக்கு எழுபத்து நான்கு வயது. துக்கம் கேட்க வந்தவர்கள் பலரும் ஒரே மாதிரி பேசினார்கள். குடும்பத்துக்காகவே தேய்ந்தவர், தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாதவர், ஒரு சுகமும் அறியாமல் போய்விட்டார் என்றார்கள். அன்போடு சொன்னவைதான். சின்ன ஊரில் ஒரு தொழில் செய்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, கடன் இல்லாமல் கண்மூடிய எல்லா ஆண்களைப் பற்றியும் நாம் இப்படித்தான் பேசுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அப்பா சுகம் அறியாதவர் அல்லர். செய்த வேலையை அவ்வளவு விரும்பிச் செய்த இன்னொருவரை நான் இன்றுவரை பார்க்கவில்லை. அவரைத் தேய்ந்த மனிதராக நினைவில் வைத்தால், அவர் வாழ்ந்த வாழ்க்கை நமக்குத் தெரியாமலே போய்விடும். அதனால்தான் இதை எழுதுகிறேன். அவர் பெயரையும் அச்சகத்தின் பெயரையும் எழுத வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார், எழுதவில்லை.

சங்கரன்கோவில் அன்றும் இன்றும் தறிகளின் ஊர். தாத்தா நெசவாளர். அப்பா எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டபோது, தறியில் உட்கார மாட்டேன் என்று சொன்ன முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் அவர்தான். திருநெல்வேலி சந்திப்புக்குப் பக்கத்தில் ஓர் அச்சகத்தில் எடுபிடியாகச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் அச்சகத்துக்கு வரும் சிறுவனுக்கு முதல் வேலை தரையில் சிந்திய எழுத்துகளைப் பொறுக்குவது. பிறகு கலந்துபோன எழுத்துகளைப் பிரித்து அவையவற்றின் அறையில் போடுவது. ஈயமும் ஆன்டிமனியும் கொஞ்சம் வெள்ளீயமும் கலந்து வார்த்த சின்னத் துண்டுகள். தலையில் எழுத்து இடவலம் மாறி இருக்கும். க எங்கே, ங எங்கே, கு எங்கே, கூ எங்கே என்று கை பழகிய பிறகுதான் எழுத்துகளை வரியாக அடுக்கும் கம்போசிங் ஸ்டிக்கைக் கையில் கொடுப்பார்கள். ஆங்கிலத்துக்கு இரண்டு பெட்டிகள் போதும். தமிழுக்கு உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் கிட்டத்தட்ட ஓர் அறை வேண்டும். அச்சுக்கோர்ப்பவர் நின்ற இடத்திலிருந்து இரண்டு பக்கமும் எட்டி எட்டி எடுக்க வேண்டும். அப்பா எழுத்துப் பெட்டியைப் பார்த்து நான் கண்டதே இல்லை. கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும்; வலது கை தானாகப் போய் வரும்.

1971இல் சொந்த ஊருக்குத் திரும்பி, தெற்கு ரத வீதிக்குப் பக்கத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து அச்சகம் தொடங்கினார். பழைய ட்ரெடில் எந்திரம் ஒன்று, நான்கைந்து அளவுகளில் எழுத்துகள், படம் அச்சிடும் கட்டைகளில் பிள்ளையார் பிளாக் ஒன்று, குத்துவிளக்கு பிளாக் ஒன்று. எந்திரத்துக்கும் எழுத்துக்கும் வேண்டிய பணத்தில் ஒரு பகுதி அம்மாவின் கழுத்துச் சங்கிலியிலிருந்து வந்தது. அந்தக் கதை பின்னால் வரும்.

ட்ரெடில் எந்திரத்தைக் காலால் மிதித்து ஓட்ட வேண்டும். வாய் திறக்கும் கணத்தில் வலது கையால் தாளை வைத்து, அச்சான தாளை இடது கையால் எடுக்க வேண்டும். வாய் மூடும் முன் கை வெளியே வந்துவிட வேண்டும். அப்பாவின் இடது ஆள்காட்டி விரலில் நகம் கிடையாது. எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே எந்திரம் எடுத்துக்கொண்டது. மின்சாரம் போனாலும் அச்சகம் நிற்காது என்பதில் அவருக்குப் பெருமை. பின்னால் மோட்டார் மாட்டிய பிறகும், அவசர வேலையின் நடுவில் மின்சாரம் போனால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மிதிக்கத் தொடங்கிவிடுவார். பள்ளி விட்டு வரும்போது தெருமுனையிலேயே அந்தச் சத்தம் கேட்கும். மண்ணெண்ணெய், மை, புதுத் தாள் மூன்றும் கலந்த வாசனை அவருடைய சட்டையை விட்டுப் போனதே இல்லை. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எங்களை யாரையும் தட்டுக்கு அருகில் விடமாட்டார். ஈயம் வயிற்றுக்குள் போகக்கூடாது என்பதைத் திருநெல்வேலியில் அவருக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம்.

அச்சகத்தின் உயிர் கல்யாணப் பத்திரிகைதான். தை பிறந்தால் வேலை வந்து குவியும். வைகாசி, ஆவணியிலும் அப்படித்தான். வந்தவரை உட்காரவைத்து, காபி வாங்கிவரச் சொல்லிவிட்டு, அப்பா கேட்கத் தொடங்குவார். இது வீட்டில் கடைசிக் கல்யாணமா? இன்னும் தம்பி தங்கைகள் இருந்தால் திருவளர்ச்செல்வன், கடைசிப் பிள்ளை என்றால் திருநிறைச்செல்வன். தாய்மாமன் பெயர் எங்கே வருகிறது? பெரியப்பா உயிரோடு இருக்கிறாரா? இருக்கும்போது சித்தப்பா பெயர் மேலே வரலாமா? காலமானவர் பெயருக்கு முன்னால் என்ன போட வேண்டும்? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் சரியான பதில் இல்லாமல் பத்திரிகை வெளியே போனால், கல்யாண மண்டபத்தில் சண்டை வரும் என்பது அவர் கண்டு தெரிந்துகொண்டது. "அண்ணாச்சி, நீங்களே பார்த்துப் போட்டுவிடுங்கள்" என்று சொல்லும் ஆட்களை அவர் விடவே மாட்டார். வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிடுவார். அவர் கோர்த்த பத்திரிகைகள் வழியாக ஊரின் பாதிக் குடும்பங்களின் கிளைகள் அவருக்குத் தெரியும். யார் யாரோடு பேசுவதில்லை என்பதும் தெரியும். அதை வீட்டில்கூடச் சொல்லமாட்டார். அம்மா எவ்வளவோ தூண்டிக் கேட்டும் வாயைத் திறந்ததில்லை.

சுயமரியாதைத் திருமணங்களுக்கும் அவரிடம்தான் வருவார்கள். 1967இல் அண்ணாவின் ஆட்சி சட்டத்தைத் திருத்தி, புரோகிதர் இல்லாத திருமணம் செல்லும் என்று ஆக்கிய பிறகு அந்த அழைப்பிதழ்கள் எங்கள் பக்கத்திலும் கூடின. நாள், நட்சத்திரம், லக்னம் எதுவும் இருக்காது. பிள்ளையார் சுழி இருக்காது. மேலே பெரியார் படம் இருக்கும். அப்பாவுக்கு அவற்றைக் கோர்ப்பதில் தனி விருப்பம். காலி இடம் நிறைய கிடைக்கிறது, எழுத்துகள் மூச்சுவிடுகின்றன என்பார். அதே மனிதர் ஆடித்தபசு அன்று காலையிலேயே குளித்துவிட்டு கோமதி அம்மன் தபசுக் காட்சி பார்க்க முதல் ஆளாக நிற்பார். இரண்டும் அவருக்குள் சண்டை போட்டதாக எனக்குத் தெரியவில்லை.

முகூர்த்த மாதங்களில் எழுத்துப் பஞ்சம் வரும். இதை அச்சகத்துக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு விளக்குவது கொஞ்சம் சிரமம். ஒவ்வொரு பத்திரிகையிலும் திருவும் திருமதியும் திருநிறைச்செல்வியும் வருவதால் தி, ரு என்ற இரண்டு அறைகள்தான் முதலில் காலியாகும். ஒரு பத்திரிகை அச்சாகி, அதன் எழுத்துகளைக் கழுவி, பிரித்து, மறுபடி அறைகளில் போட்டால்தான் அடுத்ததைக் கோர்க்க முடியும். அதுவரை காத்திருக்க நேரமில்லை என்றால் வாக்கியத்தை மாற்ற வேண்டும். கைவசம் இருக்கும் எழுத்துகளுக்குள் அழைப்பு முடிய வேண்டும். பொருளும் கெடக்கூடாது, மரியாதையும் குறையக்கூடாது. அப்பா தாடையைத் தடவிக்கொண்டு நிற்பார். திடீரென்று முகம் மலரும். வாடிக்கையாளரிடம் போய், "இப்படிப் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும்" என்று படித்துக் காட்டுவார். உண்மையிலேயே இன்னும் நன்றாகத்தான் இருக்கும். அந்தக் கணங்களில் அவர் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் அவர் சுகம் அறியாதவர் என்று சொல்லியிருக்கமாட்டார்கள். எனக்கு விடுதிக்கு அவர் எழுதிய அஞ்சலட்டைகளும் அப்படித்தான் இருக்கும். ஐந்தாறு வரிகள், ஒன்றுகூட மிகை இல்லை, ஆனால் வீட்டில் நடந்தது எல்லாம் இருக்கும்.

1978 அக்டோபர் 19 அன்று எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையை வெளியிட்டது. பெரியார் 1935இலேயே தம் இதழில் பயன்படுத்தத் தொடங்கிய வடிவங்கள்தான். ணா, றா, னா ஆகியவற்றுக்கு இருந்த சுழித்த வடிவங்கள் போய்த் தனிக் கால் வந்தது. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் தலையில் இருந்த தும்பிக்கை போய் மற்ற எழுத்துகளைப் போன்ற ஐகாரக் குறி முன்னால் வந்தது. அவற்றோடு ஒகர ஓகார வடிவங்களையும் சேர்த்துப் பதின்மூன்று எழுத்துகள். படிக்கிறவர்களுக்கு அது கண் பழக்கத்தை மாற்றிக்கொள்ளும் விஷயம். அச்சுக்கோர்ப்பவருக்கு அறைகளே காலியாகும் விஷயம். தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்கி, எண்ணி எண்ணிச் செலவழித்த எழுத்துகள் இனி வேண்டாம். இருக்கிற ண போதும், இருக்கிற கால் போதும். அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எழுத்துப் பெட்டிகளை மாற்றி அடுக்கினார். எட்டு வயதான நானும் உடன் இருந்தேன். இனி எழுத்துப் பஞ்சம் பாதியாகக் குறையும் என்று பாட்டே பாடினார்.

ஆனால் ஊரில் இருந்த அண்ணாமலைகளும் மீனாட்சிகளும் அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. அண்ணாமலை என்ற பெயரில் ணாவும் மாறிவிட்டது, லையும் மாறிவிட்டது. "இது என் பெயர் மாதிரியே இல்லையே அண்ணாச்சி" என்று ஒரு பெரியவர் வருத்தத்தோடு சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா வாதாடவில்லை. பழைய எழுத்துகளில் ஒரு தொகுதியை இன்னும் சில ஆண்டுகள் தனி டப்பாவில் வைத்திருந்து, வயதானவர்கள் கேட்டால் அவர்கள் பெயரை மட்டும் பழைய வடிவத்தில் கோர்த்துக் கொடுத்தார். புதியது சரி என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. எழுபது வயதுக்காரருக்கு அவர் பெயரை அவர் அறிந்தபடி பார்க்கும் உரிமை உண்டு என்பதிலும் சந்தேகம் இல்லை.

தேர்தல் வந்தால் அச்சகத்துக்கு இன்னொரு தை மாதம். எல்லாக் கட்சிகளுக்கும் அச்சடிப்பார். யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது அம்மாவுக்கே தெரியாது. தேர்தல் துண்டறிக்கை எதுவானாலும் அச்சிட்டவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது சட்டம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127அ பிரிவை அப்பா எண்ணோடு சொல்வார். எங்கள் வீட்டில் அது திருக்குறள் போலப் புழங்கியது. ஒருமுறை இரவு பத்து மணிக்கு மேல் இருவர் வந்தார்கள். எதிர்த்து நிற்பவரின் மனைவியைப் பற்றி எழுதிய ஒரு தாள். அச்சகத்தின் பெயர் வரும் கடைசி வரி இல்லாமல் அச்சடித்துத் தர வேண்டும், வழக்கமான கூலியைப் போல் மூன்று மடங்கு தருகிறோம் என்றார்கள். அப்பா தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "என் பெயர் போட முடியாத எதையும் என் எந்திரத்தில் ஏற்றமாட்டேன், தம்பி" என்றார். அந்தத் தேர்தலில் அவர்கள் பக்கத்து வேலை ஒன்றும் வரவில்லை. அடுத்த தேர்தலிலும் வரவில்லை. வீட்டில் அது தெரிந்தது. அம்மா தெரிந்த பலசரக்குக் கடையில் கணக்கு வைத்து வாங்கினார். அப்பா அதைப் பெரிய தியாகமாக எப்போதும் சொல்லிக்கொண்டதில்லை. அவருடைய கோபம் எல்லாம் அந்தத் தாளில் இருந்த எழுத்துப் பிழைகள்மீதுதான் இருந்தது.

பத்திரிகையின் அடியில் எட்டுப் பாயிண்ட் சின்ன எழுத்தில், அச்சகத்தின் பெயரும் முகவரியுமாக வரும் அந்தக் கடைசி வரியை அவர் எப்போதும் கோர்த்துக் கட்டித் தயாராக வைத்திருப்பார். 1986இல் மாவட்டம் பிரிந்து எங்களுடையது நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் ஆனபோது அதை மாற்றினார். 1997இல் மாவட்டங்களுக்கு இருந்த தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது மறுபடி திருநெல்வேலி ஆக்கினார். 2019இல் தென்காசி மாவட்டம் பிரிந்ததைப் பார்க்க அவர் இல்லை. இருந்திருந்தால் அன்று மாலைக்குள் மாற்றியிருப்பார்.

ஆடியில் கல்யாணம் இல்லை. அதனால் ஆடி எங்களுக்குத் திருவிழா. அச்சகத்தைப் பகலிலேயே பூட்டிவிட்டு வந்துவிடுவார். சாரல் விழுகிறது என்று தெரிந்தால் குற்றாலம் போவோம். ஐந்தருவியில் அவர் தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்கும்போது அம்மா கூப்பிட்டாலும் காது கேட்காது. மாலையில் இலங்கை வானொலி. எங்கள் ஊரில் அது சில நாட்களில் திருநெல்வேலி வானொலியைவிடத் தெளிவாகக் கேட்கும். நாகசுரம் என்றால் காருகுறிச்சி அருணாசலம்தான். அவர் 1964இல் மறைந்தபோது அப்பாவுக்கு இருபத்தொரு வயது. அதற்கு முன் ஒரு கோயில் கச்சேரியில் அவரை நேரில் கேட்டதையும், விடியும்வரை எழுந்திருக்கத் தோன்றவில்லை என்பதையும் எங்களிடம் எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது அவருக்கு. எங்கள் கல்யாணங்களில் தவிலும் நாகசுரமும் நல்லதாக அமைய வேண்டும் என்பதில் அவர் காட்டிய பிடிவாதத்தை நகையிலோ பட்டிலோ காட்டவில்லை.

நல்லதை மட்டும் எழுதினால் அவரே புரூஃப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார். அவருக்கும் பெரியப்பாவுக்கும் இடையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1985இல் பெரியப்பா மகனுக்குக் கல்யாணம். பத்திரிகையைப் பெரியப்பா சிவகாசியில் கொடுத்துப் பல வண்ணத்தில் அடித்துவிட்டார். தம்பி அச்சகம் வைத்திருக்கும்போது வெளியே கொடுத்தது ஒன்று. அந்தப் பத்திரிகையில் அப்பாவின் பெயர் சம்பந்தி வீட்டாருக்கும் கீழே, ஒதுங்கி வந்தது இன்னொன்று. பெரியப்பா வேண்டுமென்று செய்யவில்லை என்றுதான் இன்று எனக்குத் தோன்றுகிறது. கேட்டுச் சரிசெய்ய அங்கே அப்பாவைப் போல ஓர் ஆள் இல்லை. ஆனால் ஊராரின் மனத்தாங்கல்களைப் பத்திரிகை அச்சாகும் முன்பே தீர்த்துவைத்த மனிதர், தன் அண்ணனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கல்யாணத்துக்குப் போனார்; மொய் எழுதினார்; சாப்பிடாமல் வந்துவிட்டார். இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரே ஒரு தெரு. நானும் தம்பியும் போய்வருவோம், அம்மா பலகாரம் கொடுத்தனுப்புவார், பெரியம்மாவும் அனுப்புவார். அவர்கள் இருவர் மட்டும் பேசவில்லை. அப்பாவுக்கு அந்தக் கோபம் பொருந்தவே இல்லை. நாங்கள் சொன்னால் எழுந்து அச்சகத்துக்குப் போய்விடுவார்.

1994இல் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகையை அவர் தன் கையாலேயே கோர்த்தார். அச்சகத்தில் வேறு யாரையும் தொடவிடவில்லை. ஊர் வழக்கத்தில் மணமகன் பெயருக்குப் பின்னால் மட்டும் படிப்பும் வேலையும் வரும். அப்பா என் எம்.எஸ்சி., பி.எட். பட்டங்களையும் நான் வேலை பார்த்த பள்ளியையும் அதே அளவு எழுத்தில், அதே நீளமுள்ள வரியில் வைத்தார். எந்தப் பக்கமும் ஒரு புள்ளி கூடவோ குறையவோ கூடாது என்று இடைவெளித் துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். அழைப்பவர்கள் வரிசையில், எல்லாருக்கும் மேலே, தனியாக, பெரியப்பாவின் பெயர். அதைப் புரூஃபில் பார்த்தபோது அம்மா ஒன்றும் கேட்கவில்லை. தம்பிதான் பத்திரிகையைக் கொண்டுபோய்க் கொடுத்தான். பெரியப்பா முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அன்றும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. 2003இல் பெரியப்பா இறந்தபோது, எத்தனை மணிக்கு எடுப்பது என்று கேட்டு எழுதி, அஞ்சலிச் சுவரொட்டியின் மேட்டரைத் தயார் செய்தவர் அப்பா. அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்திருந்தால் அவர்கள் இழந்த பதினெட்டு ஆண்டுகளில் என்னவெல்லாம் பேசியிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. அப்பாவிடம் அதைக் கேட்டதும் உண்டு. "அவன் கேட்டிருந்தால் நான் பேசியிருப்பேன். அவனும் அதையேதான் நினைத்திருப்பான்" என்றார்.

தொண்ணூறுகளின் நடுவில் கணினி வந்தது. அதற்கு முன்பே சிவகாசியின் வண்ண அட்டைகள் எங்கள் தொழிலைப் பாதி தின்றிருந்தன. அட்டையில் படமும் பூவும் அங்கேயே அச்சாகி வந்துவிடும். உள்ளூர் அச்சகம் உள்ளே பெயர்களை மட்டும் அடித்துக் கொடுக்கும். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் பழைய அச்சுக்கோர்ப்பவரின் உடைந்த மனதைத் தேடுகிறார்கள். என் அப்பாவிடம் அது இல்லை. 1996இல் ஒரு கணினி வாங்கினார். தட்டச்சுப் படித்த ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எழுத்துகளுக்கு நடுவில் இடைவெளி சரியில்லை, வரி தொங்குகிறது, ஸ்ரீ அழகாக இல்லை, வேறு எழுத்துரு இருந்தால் மாற்று என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்கு முதலில் எரிச்சல். ஓராண்டில் அப்பாவின் கண் பார்க்கும் எல்லாவற்றையும் அவரும் பார்க்கத் தொடங்கிவிட்டார். இன்று மதுரையில் சொந்தமாகத் தொழில் செய்கிறார். எழுத்துப் பஞ்சமே இல்லாத பெட்டி என்று கணினியைப் பற்றி அப்பா எல்லாரிடமும் சொன்னார். ஈய எழுத்துகளை எடைக்குப் போட்டார், நன்றாகப் பேரம் பேசி. நினைவுக்கென்று ஒன்றையும் எடுத்து வைக்கவில்லை. ஒரு க வேண்டும் என்று நான் கேட்டபோது, எடை போட்டு மூட்டை கட்டியாயிற்று, இனி அது அவர்களுடையது என்று சொல்லிவிட்டார்.

அவர் இப்படி விரும்பியபடி வாழ்வதற்கு யார் இடம் செய்து கொடுத்தது என்பதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் யோசித்தேன். இரவு இரண்டு மணிக்கு இறப்புச் செய்தியோடு கதவைத் தட்டுகிறவர்களுக்கு எழுந்து காபி போட்டவர் அம்மா. முகூர்த்த மாதங்களில் பத்திரிகைகளை மடித்து, உறையில் போட்டு, மஞ்சள் தடவி அடுக்கியவர் அம்மா. அந்த வேலைக்கு அவருக்குக் கூலி கிடையாது. அவருக்கும் ஊர் பார்க்க ஆசை இருந்தது. தை மாதத்தில் நடக்கும் எந்தச் சொந்தக்காரர் கல்யாணத்துக்கும் முழு நாள் போக முடிந்ததில்லை. தேய்ந்த மனிதர் யார் என்று துக்க வீட்டில் யாராவது என்னைக் கேட்டிருந்தால், நான் உள்ளறையைத்தான் காட்டியிருப்பேன். அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பாதி உண்மை என்றார். மீதிக்கு, சங்கிலிக் கதையை ஒழுங்காக எழுது என்றார்.

1971இல் கழற்றிக் கொடுத்த மூன்று பவுன் சங்கிலியை அப்பா கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் கடன் என்று எழுதியிருந்தார். கொடுத்தவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர், முன்னெழுத்தோடு. ஒவ்வோர் ஆண்டும் புதுக் கணக்குப் போடும்போது முதல் வரியாக அதைப் பெயர்த்து எழுதுவார். பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக்கு ஓடு மாற்றியது, தாத்தாவின் மருத்துவம் என்று அது தள்ளிக்கொண்டே போனது. 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தார், கட்சி இரண்டானது, இரட்டை இலை முடக்கப்பட்டது. 1989 ஜனவரித் தேர்தலில் ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. தி.மு.க.வும் காங்கிரசும் வேறு தனித்தனியாக நின்றதால் நான்குமுனைப் போட்டி. சேவலுக்கும் புறாவுக்கும் புது பிளாக் செய்யச் சொல்லி அப்பா உடனே ஆள் அனுப்பினார். எங்கள் பக்கத்தில் முதலில் வந்து சேர்ந்தது அவரிடம்தான். எந்திரம் இரவு பகலாக ஓடியது. நான் கல்லூரி விடுமுறைக்கு வந்து தாள் அடுக்கினேன்.

தேர்தல் முடிந்து பாக்கிகள் எல்லாம் வசூலானதும், அப்பா அம்மாவைத் திருநெல்வேலிக்கு நகைக்கடைக்கு அழைத்துப்போனார். அம்மா பழைய மாதிரிச் சங்கிலியே வேண்டும் என்று கேட்டு, கடையில் இருந்த அத்தனையையும் எடுத்துப் போடச் சொல்லி, மூன்று பவுனில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அப்பா பணத்தை எண்ணிக்கொண்டிருக்கும்போது, "பதினெட்டு வருஷத்துக்கு வட்டி?" என்று கேட்டாராம். சிரித்துவிட்டுப் போவார் என்றுதான் அம்மா நினைத்திருக்கிறார். அப்பா கடைக்காரரிடம் ஒரு தாள் வாங்கி, அங்கேயே நின்று, 1971இல் பவுன் என்ன விலை விற்றதோ அதற்குத் தனி வட்டி போட்டுக் கணக்குப் பார்த்தார். கூட்டுவட்டி போட வேண்டும் என்று அம்மா சொன்னார். அதற்கு மட்டும் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. தனி வட்டிக்கு ஒரு ஜோடி தோடு வந்தது.